பழைய ஆண்ட்ராய்டு பதிப்புகளிலும் ஆப்பின் லேஅவுட் சிதறாமல் இருக்க: முழுமையான வழிகாட்டி

புதிய போனில் ஒழுங்காக நிற்கும் திரை, ஆண்ட்ராய்டு 7 போனில் ஓரம் ஒட்டிப் போகும். அதே திரை ஆண்ட்ராய்டு 15-க்குப் போனதும் ஸ்டேட்டஸ் பாருக்கு அடியில் நுழைந்துவிடும். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் சிதறிய திரையைத் திறந்து, அங்கேயே பதிப்பு எண்ணைப் பார்த்து ஒரு நிபந்தனை எழுதிச் சரிசெய்கிறார்கள். பத்துத் திரைகளில் இப்படிச் செய்தபின் பதினொன்றாவது திரையைத் தொடவே பயமாகிவிடும்.

கீழே உள்ள வரிசை இதற்கு நேர்மாறானது. முதலில் பழைய பதிப்புகளைப் புதிய பதிப்பின் நடத்தைக்கு மேலே இழுக்கிறோம். அதற்குப் பிறகும் மிஞ்சும் வேறுபாட்டுக்கு மட்டும் தனி நிபந்தனை எழுதுகிறோம். படிகளை மாற்றிச் செய்தால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய நேரும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று எமுலேட்டர்களாவது (கணினியிலேயே ஓடும் மாதிரிப் போன்கள்) தயாராக இருக்கட்டும்: உங்கள் ஆப் ஆதரிக்கும் மிகப் பழைய பதிப்பு, ஆண்ட்ராய்டு 10, இப்போதைய புதிய பதிப்பு. நடுவில் 10 ஏன் என்பது 6-ஆம் படியில் தெரியும்.

ஆக்டிவிட்டி, கோர், ஆப்காம்பேட், மெட்டீரியல் ஆகிய நான்கு லைப்ரரிகளையும் இப்போதே புதுப்பித்துவிடுங்கள். ஆக்டிவிட்டி 1.8-க்கு மேலும், கோர் 1.16-க்கு மேலும் இருக்க வேண்டும். பழைய லைப்ரரியை வைத்துக்கொண்டு லேஅவுட்டைத் திருத்தினால், நாளை லைப்ரரியை ஏற்றும்போது அந்தத் திருத்தங்களே பிழையாக மாறும்.

இன்னொன்று: முக்கியமான திரைகள் ஒவ்வொன்றையும் இந்த மூன்று எமுலேட்டர்களிலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருத்தத்துக்குப் பின் எது மாறியது என்பதை நினைவை வைத்துச் சொல்ல முடியாது.

2. கீழ்வரம்பை முடிவு செய்தல்

மினிமம் எஸ்டிகே எண்ணை, அதாவது ஆப் ஓடக்கூடிய மிகப் பழைய ஆண்ட்ராய்டின் ஏபிஐ லெவல் எண்ணை, முடிவு செய்யாமல் எதையும் தொடக் கூடாது. 21-க்கும் 23-க்கும் இடையே உள்ள இரண்டு எண் வித்தியாசம் கணிசமான வேலையை மிச்சப்படுத்தும். ஸ்டேட்டஸ் பாரில் கருநிற ஐகான்கள் காட்டும் வசதி 23-இல்தான், அதாவது ஆண்ட்ராய்டு 6-இல்தான் வந்தது. அதற்குக் கீழே வெள்ளைப் பின்னணி வைத்தால் நேரமும் பேட்டரி அளவும் கண்ணுக்கே தெரியாது.

ஆண்ட்ராய்டுஎக்ஸ் லைப்ரரிகளின் (ஆக்டிவிட்டி, கோர், ஆப்காம்பேட் போன்றவை) கீழ்வரம்பும் 2025-இல் 21-இலிருந்து 23-க்கு உயர்த்தப்பட்டது. ஆகவே புதிய லைப்ரரிகள் வேண்டுமென்றால் 23 என்பதே நடைமுறைக்கு ஒத்த அடித்தளம். கீழே உள்ளவை எல்லாம் 23-ஐக் கீழ்வரம்பாகக் கொண்டு எழுதப்பட்டவை.

3. எந்த எல்லையில் எது மாறுகிறது

எல்லாப் பதிப்புகளும் லேஅவுட்டை மாற்றுவதில்லை. கவனிக்க வேண்டிய எல்லைகள் இவை (எண்கள் ஏபிஐ லெவல்கள்: 24 என்றால் ஆண்ட்ராய்டு 7, 26-ம் 27-ம் 8, 28 என்றால் 9, 29 என்றால் 10, 30 என்றால் 11, 31 என்றால் 12, 34 என்றால் 14, 35 என்றால் 15, 36 என்றால் 16):

- 24: ஸ்பிளிட் ஸ்கிரீன், டிஸ்பிளே சைஸ் அமைப்பு. திரையின் அகலத்தை இனி நிலையானதாக எண்ண முடியாது.
- 26, 27: நேவிகேஷன் பாரில் கருநிற ஐகான்கள் 26-இல் புரோகிராம் கோடு வழியாகவும், 27-இல் தீம் வழியாகவும் கிடைக்கும்.
- 28: டிஸ்பிளே கட்அவுட், அதாவது திரையின் மேல் உள்ள கேமரா வெட்டு.
- 29: சைகை வழி நேவிகேஷன், சிஸ்டம் முழுவதற்குமான டார்க் தீம்.
- 30: இன்செட்டுகள், அதாவது சிஸ்டம் பார்களும் கீபோர்டும் திரையில் எடுத்துக்கொள்ளும் இடத்தின் அளவுகள், வகைவாரியாகப் பிரிந்தன. கீபோர்டு உயரம் நேரடியாகத் தெரிய ஆரம்பித்தது.
- 31: ஸ்பிளாஷ் ஸ்கிரீனை சிஸ்டமே போடுகிறது.
- 34: எழுத்தளவு 200 சதவீதம் வரை.
- 35: இதை டார்கெட் செய்யும், அதாவது தான் எழுதப்பட்ட பதிப்பாக இந்த எண்ணைக் குறிப்பிடும் ஆப்புக்கு எட்ஜ்-டு-எட்ஜ் (பார்களுக்கு அடியிலும் பரவித் திரை முழுவதையும் நிரப்புவது) கட்டாயம்.
- 36: இதை டார்கெட் செய்தால் அந்தக் கட்டாயத்திலிருந்து விலகும் வழியும் செல்லாது. 600 டிபி-க்குக் (டிபி: திரையின் பிக்சல் அடர்த்தியைச் சாராத அளவு அலகு) குறையாத திரைகளில் ஆப் விதிக்கும் திரைத் திசைக் கட்டுப்பாடுகளும் புறக்கணிக்கப்படும்.

இந்தப் பட்டியலில் இரண்டு வகை மாற்றங்கள் கலந்திருக்கின்றன. சில, போனில் உள்ள பதிப்பைப் பொறுத்து மாறும். சில, அந்தப் பதிப்பில் ஓடுவதோடு ஆப்பின் டார்கெட் எஸ்டிகே எண்ணும் அந்த அளவுக்கு உயர்ந்திருந்தால்தான் மாறும். “என் ஆண்ட்ராய்டு 15 போனில் எதுவும் ஆகவில்லையே” என்று ஒருவர் சொன்னால், முதலில் கேட்க வேண்டியது டார்கெட் எண்ணைத்தான்.

4. சத்தமில்லாமல் விழுங்கப்படும் பண்புகளைத் தேடுதல்

பழைய பதிப்பு தனக்குத் தெரியாத எக்ஸ்எம்எல் பண்பைப் பார்த்தால் பிழை காட்டாது. படிக்காமல் கடந்துவிடும். ஆப் கிராஷ் ஆகாது, லாகிலும் ஒரு வரி இருக்காது. திரை மட்டும் தவறாக இருக்கும்.

அதிகம் கண்ணில் படும் உதாரணம் ‘லேஅவுட் மார்ஜின் ஹாரிசான்டல்’. இடது, வலது என்று இரண்டு வரி எழுதாமல் ஒரே வரியில் முடிக்கலாம் என்பதால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் இது 26-இல் வந்தது. ஆண்ட்ராய்டு 7-இல் அந்த 16 டிபி இடைவெளி அப்படியே காணாமல் போய், எழுத்து திரையின் ஓரத்தில் ஒட்டி நிற்கும். ‘பேடிங் ஹாரிசான்டல்’ பண்புக்கும் இதே கதைதான். மாற்று எளிது: ஸ்டார்ட், எண்ட் என்று இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

‘லைன் ஹைட்’ 28-இல் வந்தது. எழுத்தின் அளவைத் தானாகச் சரிசெய்யும் ‘ஆட்டோ சைஸ்’ 26-இல் வந்தது. இவை இரண்டுக்கும் ஆப்காம்பேட்டில் இணையான பண்புகள் உண்டு. ஆண்ட்ராய்டு என்று தொடங்கும் முன்னொட்டை ஆப் என்று தொடங்கும் முன்னொட்டாக மாற்றினால் பழைய பதிப்பிலும் வேலை செய்யும்.

இவற்றைக் கண்ணால் தேட வேண்டாம். கோடிலும் எக்ஸ்எம்எல்லிலும் தவறுகளைத் தேடித் தரும் லின்ட் கருவியை ஓட்டி, ‘அன்யூஸ்டு ஆட்ரிபியூட்’ என்ற எச்சரிக்கைகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். எந்தப் பண்பு எந்த ஏபிஐ லெவலில் வந்தது என்பதை அதுவே சொல்லும். இந்த எச்சரிக்கையை மஞ்சளாக விடாமல் பில்டை நிறுத்தும் பிழையாக உயர்த்திவிடுவதே நல்லது. மஞ்சளாக இருக்கும்வரை யாரும் படிக்கமாட்டார்கள்.

5. தீம்களை அடுக்காகப் பிரித்தல்

வேல்யூஸ்-வி27 என்ற ஃபோல்டரில் அதே பெயரில் ஒரு ஸ்டைல் எழுதினால், அது பொது ஃபோல்டரில் உள்ள ஸ்டைலோடு சேர்ந்துகொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். சேராது. அந்தப் பதிப்பில் பழைய ஸ்டைல் முழுவதும் நீங்கி, புதியது அந்த இடத்தில் வந்துவிடும். நேவிகேஷன் பாருக்காக ஒரே ஒரு வரியை வி27-இல் எழுதிவிட்டு, ஆப்பின் முதன்மை நிறம் எங்கே போனது என்று தேடுவது இதனால்தான்.

தீர்வு இரண்டு அடுக்கு. நிறம், எழுத்து, பட்டன் எல்லாம் கொண்ட அடிப்படைத் தீம் ஒன்றைப் பொது ஃபோல்டரில் ‘பேஸ்’ என்ற பெயரோடு வையுங்கள். ஆப் பயன்படுத்தும் தீம் அதைப் பெற்றோராகக் கொண்டு காலியாக இருக்கட்டும். வி27 ஃபோல்டரிலும் அதே காலித் தீம், அதே பெற்றோர், கூடுதலாக அந்த ஒரு வரி மட்டும். இனி நிறத்தை மாற்ற ஒரே இடத்தைத் தொட்டால் போதும்.

6. எல்லாப் பதிப்பிலும் எட்ஜ்-டு-எட்ஜ்

ஆண்ட்ராய்டு 15-இல் திரை முழுவதும் ஆப்பின் கையில் வந்துவிடுகிறது. 14-இலும் அதற்குக் கீழும் சிஸ்டமே பார்களுக்கு இடம் ஒதுக்குகிறது. இரண்டையும் தனித்தனியாகப் பராமரிக்காதீர்கள். ஆக்டிவிட்டி லைப்ரரியின் ‘எனேபிள் எட்ஜ் டு எட்ஜ்’ ஃபங்ஷனை ஒவ்வொரு ஆக்டிவிட்டியிலும், கன்டென்ட் வியூவை வைப்பதற்கு முன் அழையுங்கள். பழைய பதிப்புகளும் புதியதைப் போலவே நடக்கத் தொடங்கும்.

நேவிகேஷன் பார் மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றாகத் தெரியாது. 23 முதல் 25 வரை கருநிற ஐகான் வசதி இல்லாததால், லைப்ரரி அங்கே பாருக்கு இருண்ட பின்னணியொன்றைப் போட்டுவிடும். இதை வெள்ளையாக்க முயன்றால் வெள்ளைப் பட்டன்கள் வெள்ளைப் பின்னணியில் மறைந்துவிடும். அப்படியே விடுங்கள்.

பார்களுக்கு அடியில் போனதை மீட்பது

எட்ஜ்-டு-எட்ஜ் ஆனதும் டூல்பார் மேலே நுழைந்து, கடைசி வரிசை கீழே மறையும். இன்செட் மாறும்போதெல்லாம் ஓடும் இன்செட் லிசனர் எழுதி, சிஸ்டம் பார்களின் அளவைப் பேடிங்காகக் கொடுக்க வேண்டும். கட்அவுட்டின் அளவையும் அதோடு சேருங்கள். போனைப் படுக்க வைக்கும்போது கேமரா வெட்டு பக்கவாட்டில் வரும், அதை ஸ்டேட்டஸ் பார் அளவு காட்டாது. 24 டிபி, 48 டிபி என்று எண்ணைக் கையால் எழுதக் கூடாது. போனுக்குப் போன் அது மாறும்.

இங்கே மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

முதலாவது, கூட்டிக்கொண்டே போவது. டூல்பாரின் பேடிங் 16 டிபி, ஸ்டேட்டஸ் பார் 24 டிபி என்று வையுங்கள். லிசனருக்குள் ‘இப்போதைய பேடிங்கோடு 24 சேர்’ என்று எழுதினால் முதல் முறை 40 வரும், சரியாகத் தெரியும். கீபோர்டு திறக்கும்போது லிசனர் மறுபடி ஓடும், 64 ஆகும். மூடும்போது 88. டூல்பார் மெல்ல மெல்லப் பருத்துக்கொண்டே போகும். லிசனரை மாட்டுவதற்கு முன்பே தொடக்கப் பேடிங்கை ஒரு மாறியில் எடுத்து வைத்து, எப்போதும் அதோடு மட்டுமே கூட்டுங்கள்.

இரண்டாவது, ஆண்ட்ராய்டு 10-க்கும் அதற்குக் கீழும் மட்டும் வருவது. மேலே டூல்பார், கீழே லிஸ்ட் இருக்கிறது. டூல்பாரின் லிசனர் ‘நான் எடுத்துக்கொண்டேன்’ என்று காலி இன்செட்டைத் திருப்பித் தருகிறது. ஆண்ட்ராய்டு 11 முதல் லிஸ்ட்டுக்கும் அதன் பங்கு தனியாகப் போய்ச் சேரும். 10-இல் முதல் பிள்ளை எடுத்துக்கொண்டால் அடுத்த பிள்ளைக்கு எதுவும் போகாது, லிஸ்ட்டின் கடைசி வரிசை நேவிகேஷன் பாருக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். எமுலேட்டர் பட்டியலில் 10-ஐச் சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான். லிசனரில் வந்த இன்செட்டை அப்படியே திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மற்றவர் எழுதிய வியூக்கள் கலந்திருந்தால், கோர் 1.16-இல் வந்த ‘இன்ஸ்டால் காம்பேட் இன்செட்ஸ் டிஸ்பேட்ச்’ ஃபங்ஷனை ரூட் வியூவில் ஒருமுறை அழையுங்கள்.

மூன்றாவது, ‘ஃபிட்ஸ் சிஸ்டம் விண்டோஸ்’ பண்பை எல்லா வியூவிலும் தூவுவது. அது நீங்கள் கொடுத்த பேடிங்கை அழித்துத் தன் அளவைப் போட்டுவிடும். கோஆர்டினேட்டர் லேஅவுட் போன்றவற்றில் அதன் பொருளே வேறு. லிசனர் எழுதும் வியூவில் இந்தப் பண்பு இருக்கவே கூடாது.

ரீசைக்ளர் வியூவுக்குக் கீழ்ப் பேடிங் கொடுக்கும்போது ‘கிளிப் டு பேடிங்’ பண்பைப் ஃபால்ஸ் ஆக்குங்கள். இல்லாவிட்டால் பட்டியல் பாருக்கு மேலேயே வெட்டுப்பட்டு, கீழே வெற்றுப் பட்டை தெரியும். எக்ஸ்எம்எல் இல்லாமல் கோடிலேயே திரை எழுதும் கம்போஸ் என்றால் ஸ்கஃபோல்ட் தரும் உள் பேடிங்கை உண்மையில் பயன்படுத்தியிருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள்.

7. கீபோர்டு

பழைய பதிப்புகளில் அதிக நேரம் விழுங்குவது இதுதான். மேனிஃபெஸ்ட்டில் ‘அட்ஜஸ்ட் ரீசைஸ்’ இருப்பதை முதலில் உறுதி செய்யுங்கள். ஆண்ட்ராய்டு 11-க்குக் கீழே கீபோர்டு உயரத்தைக் காம்பேட் லைப்ரரி கணக்கிடுவதே இதை வைத்துத்தான். ‘அட்ஜஸ்ட் பேன்’ இருந்தால் அங்கே உயரம் பூஜ்யமாகவே வரும்.

அடுத்து, கீபோர்டின் இன்செட் திரையின் அடிவிளிம்பிலிருந்து அளக்கப்படுகிறது. நேவிகேஷன் பாரின் உயரமும் அதற்குள் அடக்கம். கீபோர்டு 300 டிபி, பார் 48 டிபி என்றால் இரண்டையும் கூட்டி 348 கொடுத்துவிடுகிறார்கள். விளைவு, கீபோர்டுக்கும் டைப் செய்யும் பெட்டிக்கும் நடுவே 48 டிபி வெற்றிடம். கூட்டக் கூடாது, இரண்டில் பெரியதை எடுக்க வேண்டும். இன்செட் வகைகளை ‘ஆர்’ போட்டுச் சேர்த்துக் கேட்டால் லைப்ரரியே பெரியதைத் தந்துவிடும்.

8. எழுத்து: உயரமும் அளவும்

ஆப்பில் தமிழ், தெலுங்கு, தாய், அரபி போன்ற எழுத்துகள் வந்தால் இந்தப் படியைத் தவிர்க்க முடியாது. ஆண்ட்ராய்டு 14 வரை டெக்ஸ்ட் வியூ இந்த எழுத்துகளுக்கு உயரம் குறைத்துச் சுருக்கிய வடிவத்தை இயல்பாகப் பயன்படுத்தியது. 35-ஐ டார்கெட் செய்தால் ஆண்ட்ராய்டு 15-இல் ‘எலிகன்ட் டெக்ஸ்ட் ஹைட்’ இயல்பாகவே இயங்கும், வரிகள் உயரமாகும். 36-இல் அதை அணைக்கவும் முடியாது.

ஆகவே பழைய பதிப்புகளிலும் இதை இப்போதே இயக்கிவிடுங்கள். பண்பு 21 முதலே இருக்கிறது. டெக்ஸ்ட் வியூவுக்கான பொது ஸ்டைலில் ஒரு வரி போதும். பிறகு, உயரத்தை 48 டிபி என்று கட்டிப்போட்ட பட்டன்களையும் பெட்டிகளையும் தேடிப் பிடித்து, உயரத்தை ‘ரேப் கன்டென்ட்’ ஆகவும் 48-ஐ ‘மின் ஹைட்’ ஆகவும் மாற்றுங்கள். ‘கூ’, ‘ழி’ போன்ற எழுத்துகளின் தலையோ காலோ வெட்டுப்படுவது அநேகமாக இந்தக் கட்டிப்போட்ட உயரத்தால்தான்.

எழுத்தளவில் ஆண்ட்ராய்டு 14 நேர்விகிதத்தை விட்டுவிட்டது. 200 சதவீதம் வைத்தால் சிறிய எழுத்து நன்றாகப் பெரிதாகும், பெரிய தலைப்பு அந்த அளவுக்குப் பெரிதாகாது. எழுத்தளவின் அலகான எஸ்பி-யைப் பிக்சலாக்க ‘ஸ்கேல்டு டென்சிட்டி’யால் பெருக்கும் பழைய கோடு இங்கே தவறான விடை தரும். ‘டைப்டு வேல்யூ’வின் ‘அப்ளை டைமென்ஷன்’ எல்லாப் பதிப்பிலும் சரியான விடை தரும்.

9. அகலமும் ரிசோர்ஸ் ஃபோல்டர்களும்

போன் மாடலை வைத்து லேஅவுட் பிரிக்காதீர்கள். டிஸ்பிளே சைஸைப் பயனர் பெரிதாக்கினால் 360 டிபி அகலத் திரை 320-க்கு இறங்கும். ஸ்பிளிட் ஸ்கிரீனில் இன்னும் குறையும். 320 டிபி-யில் எல்லாப் பட்டன்களும் தொடும்படி இருந்தால் போதுமான பாதுகாப்பு.

ஃபோல்டர் பெயர்களில் ஒரு முன்னுரிமை உண்டு, அதில் பதிப்பு எண் கடைசி. லேஅவுட்-எஸ்டபிள்யூ600டிபி, லேஅவுட்-வி29 என்று இரண்டு இருந்தால், ஆண்ட்ராய்டு 12 டேப்லெட்டில் முதலாவதுதான் எடுக்கப்படும். டேப்லெட்டுக்கும் வி29 மாற்றம் வேண்டுமென்றால் இரண்டு பெயரையும் சேர்த்த மூன்றாவது ஃபோல்டர் தேவை. இப்படி ஃபோல்டர்கள் பெருகுவதால், பதிப்புக்கென லேஅவுட் ஃபோல்டரே வைக்காமல் இருப்பது மேல். வேறுபடும் அளவை மட்டும் ஒரு டைமென் மதிப்பாக வெளியே எடுங்கள்.

10. ஸ்பிளாஷ் ஸ்கிரீன்

சொந்தமாக ஸ்பிளாஷ் ஆக்டிவிட்டி இருந்தால் ஆண்ட்ராய்டு 12 முதல் இரண்டு ஸ்பிளாஷ் தெரியும். அதை நீக்கிவிட்டுக் ‘கோர் ஸ்பிளாஷ்ஸ்கிரீன்’ லைப்ரரியைப் பயன்படுத்துங்கள். பின்னணி இல்லாத ஐகான் 288 டிபி அளவில், 192 டிபி விட்டமுள்ள வட்டத்துக்குள் அடங்க வேண்டும். நீளமான லோகோவை வைத்தால் இரண்டு பக்கமும் வெட்டுப்படும்.

11. மிஞ்சியதற்கு மட்டும் பதிப்பு நிபந்தனை

இதுவரை வந்தபின் மீதம் இருப்பவை விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கும். அவற்றை ஒரே கோப்பில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் அது செய்யும் வேலையைச் சொல்லும் பெயர் கொடுங்கள். திரைகளின் கோடில் பதிப்பு எண் தெரியவே கூடாது. மினிமம் எஸ்டிகேயை உயர்த்தும் நாளில் எதை நீக்கலாம் என்பது அந்த ஒரு கோப்பிலேயே தெரிந்துவிடும்.

இன்செட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய எதற்கும் பதிப்பைக் கேட்காதீர்கள். ஆண்ட்ராய்டு 10-க்கு மேல் என்றால் சைகை நேவிகேஷன் என்று முடிவு கட்டுவது தவறு. அதே போனில் பயனர் மூன்று பட்டன் முறையை வைத்திருக்கலாம்.

12. சோதிக்கும் வரிசை

எல்லாப் பதிப்பையும் எல்லா அமைப்போடும் சோதிக்க நேரம் போதாது. பிழை வரக்கூடிய இணைகளை மட்டும் பாருங்கள்:

- 23: 320 டிபி அகலம், எழுத்து 130 சதவீதம். 720 பிக்சல் அகலமுள்ள எமுலேட்டரில் டென்சிட்டியை 360 ஆக்கினால் சரியாக 320 டிபி கிடைக்கும். கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி வழியே மாற்றலாம்.
- 25: வெளிர் தீமில் நேவிகேஷன் பார்.
- 28: போனைப் படுக்க வைத்து, டெவலப்பர் ஆப்ஷனில் கட்அவுட்டை இயக்கி.
- 29: கீபோர்டு திறந்து மூடி, மறுபடி திறந்து. பிறகு சைகை முறையில், ஓரத்தில் உள்ள ஸ்லைடர்களை இழுத்து.
- 34: எழுத்து 200 சதவீதம்.
- 35 அல்லது 36: மூன்று பட்டன் முறையில் ஒருமுறை, சைகை முறையில் ஒருமுறை.

ஒவ்வொரு இணையிலும், அந்தப் பதிப்புக்கு 1-ஆம் படியில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் இருந்தால், அதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். டயலாக்குகளையும் பாட்டம் ஷீட்டுகளையும் தனியாகத் திறந்து பாருங்கள். அவை தனி விண்டோக்கள் என்பதால் ஆக்டிவிட்டியில் எழுதிய இன்செட் லிசனர் அங்கே எட்டாது.

எமுலேட்டரில் ஓடுவது மாற்றம் செய்யாத ஆண்ட்ராய்டு. தயாரிப்பாளர்கள் எழுத்துருவையும் பார்களையும் மாற்றியிருப்பார்கள். எனவே தயாரிப்பாளரின் தனி இடைமுகம் கொண்ட பழைய போன் ஒன்றில் கடைசியாக ஒருமுறை ஓட்டி, வேறு எழுத்துரு வைத்து, 8-ஆம் படியில் மாற்றிய பெட்டிகளை மறுபடி பாருங்கள்.